நண்பரோடு ஒரு நாள் பாறையடியில்: வெளிப்புற போல்டரிங்குக்கு முழுமையான வழிகாட்டி

ஒரு நாள் முழுக்கப் பாறையில் ஏறிவிட்டுத் திரும்பிய மாலையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் முப்பது முறை ஏறியிருப்பேன். ஒவ்வொரு முயற்சியும் அரை நிமிடம். ஆக, பதினைந்து நிமிடம்தான் என் கால் தரையை விட்டு மேலே இருந்திருக்கிறது. மற்ற ஆறேழு மணி நேரமும் தரையில்தான் போயிருக்கிறது. விழுந்தால் தாங்கும் நுரை மெத்தையான கிராஷ் பேடை இழுத்துப் போட்டேன், பிடிகளைத் துலக்கினேன், நண்பன் ஏறும்போது கைகளை உயர்த்திக்கொண்டு நின்றேன், பாறையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதினைந்து நிமிடம் நன்றாக அமைவதும் கெடுவதும் இந்த ஆறேழு மணி நேரத்தில்தான் இருக்கிறது. அதனால் கீழே ஏறும் நுட்பத்தைவிடத் தரையில் இருவரும் செய்யவேண்டியதைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

நீங்கள் உள்ளரங்கச் சுவரில் சில மாதமாவது ஏறியிருக்கிறீர்கள், இப்போது ஒரு நண்பரோடு முதன்முறையாக நிஜப் பாறைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். போல்டரிங் என்பது கயிறு இல்லாமல், பெரும்பாலும் நான்கைந்து மீட்டருக்கு மிகாத பாறைகளில் ஏறுவது. ஏறுவதற்கென வகுத்துக்கொண்ட ஒவ்வொரு பாதைக்கும் ‘ப்ராப்ளம்’ என்று பெயர். உள்ளரங்கில் அந்தப் பாதையை வண்ணப் பிடிகளே காட்டிவிடும். கீழே இடைவெளி இல்லாமல் மெத்தை விரித்திருக்கும். கடைசிப் பிடியைத் தொட்டால் வேலை முடிந்தது. வெளியே இந்த மூன்றும் கிடையாது. பிடியைத் தேட வேண்டும், மெத்தையை நாமே போட வேண்டும், பாறையின் தலைமேல் ஏறி நின்று வேறு பக்கமாக இறங்கி வர வேண்டும்.

இடமும் நாளும்

முதல் முறை போகிறவர்கள் பிரபலமான ஒரு ப்ராப்ளத்தின் வீடியோவைப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்கிறார்கள். அது சரியான வழி இல்லை. மூன்று மீட்டருக்குள் உயரம், கீழே சமதரை, பின்பக்கம் நடந்தே இறங்க வழி, பக்கத்துப் பக்கத்தில் நிறைய எளிய ப்ராப்ளங்கள்: இந்த நான்கும் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். அந்தப் பகுதிக்கு வழிகாட்டி நூலோ செயலியோ இருந்தால் அதைப் படியுங்கள். ஏற்கெனவே அங்கே ஏறுகிறவர்களிடம் கேளுங்கள். நிலம் யாருடையது, ஏற அனுமதி உண்டா, பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் மூடிவைப்பார்களா என்பதையெல்லாம் கிளம்புவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு ப்ராப்ளம் எவ்வளவு கடினம் என்ற தரத்தைக் குறிக்க உலகில் இரண்டு அளவுகோல்கள் பரவலாகப் புழங்குகின்றன. ஒன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஹூவேகோ டாங்க்ஸ் பாறைகளுக்காக ஜான் ஷெர்மன் வகுத்த வி-ஸ்கேல். 1991இல் அவருடைய வழிகாட்டி நூலோடு அச்சில் வந்தது. அது வி0இல் தொடங்குகிறது, எண் கூடக் கூடக் கடினமும் கூடும். மற்றொன்று பிரான்ஸின் ஃபோன்டேன்ப்ளோ காட்டுப் பாறைகளில் பிறந்த ஃபோன்ட் அளவுகோல். வி3 என்பது கிட்டத்தட்ட அதில் 6ஏ. வி6 என்பது 7ஏ. உள்ளரங்கில் வி4 ஏறுகிறவர் வெளியே வி1இல் திணறுவது சாதாரணம். பிடி எங்கே என்றே தெரியாத நிலையில் கால் வைக்க மிளகு அளவு முண்டு மட்டும் இருந்தால் யாருக்கும் அப்படித்தான். அதனால் உங்கள் உள்ளரங்கத் தரத்திலிருந்து மூன்று படி இறங்கித் தொடங்குங்கள். அதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

வானிலை விஷயத்தில் வெயிலைவிட ஈரப்பதத்தைக் கவனியுங்கள். ஷூவின் ரப்பரும் விரல் தோலும் குளிர்ந்த, உலர்ந்த, லேசாகக் காற்று வீசும் நேரத்தில்தான் பாறையை நன்றாகப் பற்றும். வெயில் ஏறிய பாறையில் விரல் வியர்க்கும், ரப்பர் இளகும். எந்த முகம் காலையில் நிழலில் இருக்கும், எது பிற்பகலில் நிழலுக்கு வரும் என்று முன்கூட்டியே பார்த்து, நிழலைத் தொடர்ந்து நகரும்படி நாளை வகுத்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்திருந்தால் ஒரு கண்டிப்பான விதி உண்டு. கிரானைட் மேற்பரப்பு உலர்ந்தால் போதும், ஏறலாம். மணற்பாறையில் அப்படி முடியாது. மணல் துகள்களை ஒட்டவைத்திருக்கும் பொருள் நீர் பட்டதும் பலமிழக்கிறது. வெளியே உலர்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், நீங்கள் இழுக்கும் பிடி கையோடு வந்துவிடும். ஒடிந்த பிடி திரும்ப முளைக்காது. பல ஆண்டுகளாகப் பலர் ஏறிய பாதை அதோடு போயிற்று. பாறையடி மண்ணைச் சில சென்டிமீட்டர் தோண்டிப் பாருங்கள். அங்கே ஈரம் தெரிந்தால் பாறையையும் ஈரமாகவே கருதுங்கள். ஒன்று முதல் மூன்று நாள் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். வெகுதூரம் பயணம் செய்து வந்திருந்தாலும் அன்று ஏறாமல் திரும்புங்கள்.

பையில் வேண்டியவை

ஏறும் ஷூ, கையில் பூசும் வெள்ளைத் தூளான சாக், பாறைப் பிடிகளைத் துலக்க மென்மையான பிரஷ், விரலில் சுற்றும் டேப், நகவெட்டி, தோலைத் தேய்க்க நைசான உப்புத்தாள், ஷூ அடியைத் துடைக்க ஒரு துண்டுக் கம்பளம், தேவைக்கு மேலேயே தண்ணீர், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன ஏதாவது, ஓய்வின்போது போர்த்திக்கொள்ளக் கனமான மேலாடை, தலைவிளக்கு, முதலுதவிப் பை, சார்ஜ் ஏற்றிய போன். இருவருக்கும் சேர்த்துக் குறைந்தது இரண்டு கிராஷ் பேட். ஒரு பேடோடு போனால் அந்த ஒரு பேடுக்கு நேர் மேலே ஏறும் ப்ராப்ளங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

பிரஷ் பற்றி ஒரு வார்த்தை. நைலானோ பன்றிமுடியோ சரி. கம்பி பிரஷ் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அது பாறையைத் தேய்த்து வழவழப்பாக்கிவிடும். சாக் என்பது மக்னீசியம் கார்பனேட். ஜிம்னாஸ்டிக் பழகிய கணித மாணவர் ஜான் கில் 1950களில் அதைப் பாறைக்குக் கொண்டுவந்தார். வியர்வையை உறிஞ்சுவதற்குத்தான் அது. பிடிமேல் அப்பிக் குவித்தால் தூள்மேல் விரல் வழுக்கும். ஏறுகிறவர் கைக்குக் கொஞ்சம் பூசிக்கொள்ளட்டும், நண்பர் பிடியைத் துலக்கட்டும்.

கிளம்பும் முன் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று மூன்றாவது ஆள் ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள்.

பாறையடிக்குப் போனதும் முதல் அரை மணி நேரம்

பையை இறக்கியதும் ஷூவை மாட்டாதீர்கள். இருவருமாகப் பாறையைச் சுற்றி ஒரு நடை போங்கள். முதலில் பின்பக்கம் பாருங்கள். எங்கே இறங்கப்போகிறோம்? நடந்து இறங்கலாமா, மரக்கிளையைப் பிடிக்கவேண்டுமா, குதிக்கவேண்டுமா? சிலர் இந்தக் கேள்வியை உச்சிக்குப் போன பிறகுதான் கேட்டுக்கொள்கிறார்கள். இறங்கும் வழி உங்கள் திறமைக்கு மீறியதாக இருந்தால் அந்தப் பாறையை விட்டுவிடுங்கள். பின்பக்கமாக நடந்து ஏற முடியுமானால் ஏறி, மேலே கடைசிப் பிடிகள் எப்படி இருக்கின்றன, காய்ந்த இலையும் மணலும் கிடக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிட்டு வாருங்கள்.

இடுக்குகளில் தேன்கூடோ குளவிக்கூடோ இருக்கிறதா, பாறைக்கு அடியில் நிழலில் பாம்பு படுத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கையை உள்ளே விடவேண்டும். சந்தேகமான பிடியை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் அதில் தொங்காதீர்கள்.

அடுத்து உடம்பைச் சூடேற்றுவது. பாறைக்கு நடந்து வந்ததே பாதி வேலையை முடித்திருக்கும். தோள், இடுப்பு, மணிக்கட்டு எல்லாவற்றையும் சுழற்றுங்கள். பிறகு காலைத் தரையில் வைத்தபடியே பிடிகளை மெதுவாகப் பிடித்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக எடை கொடுங்கள். விரல்கள் கடைசியில்தான் தயாராகும். அதன்பின் மிக எளிய நான்கைந்து ப்ராப்ளங்கள். இந்த எளிய ஏற்றங்கள் இன்னொன்றுக்கும் உதவும். உங்கள் நண்பர் எப்படி விழுகிறார், பயந்தால் பேச்சை நிறுத்துகிறாரா, படபடவென்று பேசுகிறாரா என்பதெல்லாம் இப்போதே தெரிந்துவிடும்.

பேட் போடுவது

கிராஷ் பேட் என்பது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தடிமனில், மடித்து முதுகில் சுமக்கக்கூடிய நுரை மெத்தை. பெரும்பாலானவற்றில் மேலடுக்கு விறைப்பான நுரை, கீழடுக்கு மென்மையானது. விறைப்பான பக்கம் மேலே இருந்தால்தான் விழும் எடை பரவி இறங்கும். தலைகீழாகப் போட்டால் குதிகால் நுரையைத் துளைத்துக்கொண்டு தரையைத் தொட்டுவிடும்.

பேடை எங்கே போடுவது? பலர் தொடக்கப் பிடிக்கு நேர் கீழே போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். தொடக்கத்தில் விழுந்தால் யாருக்கும் பெரிதாக அடிபடாது. எந்த நகர்வில் கை விடுபடும், அப்போது உடல் எந்தப் பக்கம் வீசப்படும் என்று இருவரும் சேர்ந்து யோசியுங்கள். பாறை வெளியே சாய்ந்து தொங்கினால், கால் நழுவியவர் ஊஞ்சல்போல ஆடி, பின்னால் வெகுதூரத்தில் விழுவார். ஸ்லாப் எனப்படும் சரிவான பாறையில் பாறையை உரசிக்கொண்டே நேராக அடியில் வந்து நிற்பார். பக்கவாட்டில் நகரும் ப்ராப்ளத்தில் விழும் இடமும் நகர்ந்துகொண்டே போகும். அங்கே நண்பர் ஒரு பேடை இழுத்துக்கொண்டே கூட நடக்கவேண்டும்.

இரண்டு பேடுகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளிகூட இருக்கக்கூடாது. போல்டரிங்கில் கணுக்கால்தான் அதிகம் அடிவாங்கும் இடம், அதைத் திருப்பிவிடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியும் பேடின் விளிம்பும்தான். ஒன்றின்மேல் ஒன்று அரைகுறையாக ஏறிக்கிடந்தாலும் அதே ஆபத்துதான். கீழே கல், வேர் இருந்தால் முதலில் அந்தப் பள்ளங்களைப் பைகளாலும் பழைய பேடாலும் நிரப்பிச் சமன்செய்து, அதன்மேல் நல்ல பேடைப் போடுங்கள். தண்ணீர் பாட்டிலும் மாற்றுச் செருப்பும் பேட்மேல் கிடக்கவே கூடாது. எல்லாம் போட்டு முடித்ததும் இருவரும் ஒருமுறை அதன்மேல் நடந்து பாருங்கள். கால் எங்கே புரள்கிறதோ அங்கே சரிசெய்யுங்கள்.

ஸ்பாட்டிங்: நண்பரின் வேலை

இந்தப் பகுதியைத்தான் நான் மிகவும் பொறுமையாக எழுத விரும்புகிறேன். காரணம் பின்னால் சொல்கிறேன்.

ஸ்பாட் செய்வது என்றால் விழுகிறவரை ஏந்திப் பிடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது நடக்காத காரியம். 3 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் முக்கால் நொடியைச் சற்றே தாண்டிய நேரத்தில், மணிக்கு 27 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் கீழே வரும். அந்த வேகத்தில் வரும் மனித எடையைக் கையால் தடுத்தால் இருவருக்கும் எலும்பு முறியும். ஸ்பாட்டருக்கு இரண்டே வேலைகள். விழுகிறவரின் தலையும் முதுகுத்தண்டும் எதிலும் மோதாமல் பார்க்கவேண்டும். அவர் உடல் பேடுக்கு வெளியே போகாமல் திருப்பிவிடவேண்டும். கால்கள் பேடில் முதலில் படும்படி நிமிர்த்திவிட்டால் போதும், மீதியை அவர் காலும் பேடும் பார்த்துக்கொள்ளும்.

நிற்கும் விதம்: ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முழங்கால் லேசாக மடங்கி, கைகள் உயர்ந்து, முழங்கை தளர்வாக. விரல்களை ஒட்டவைத்து, கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்த்து, கையைக் கரண்டிபோல வைத்துக்கொள்ளுங்கள். விரல்களை விரித்து வைத்தால் முதல் விழுகையிலேயே கட்டைவிரல் பின்னால் மடங்கிவிடும். ஏறுகிறவரின் கையையோ அவர் பிடிக்கப்போகும் பிடியையோ பார்க்காதீர்கள். அது எவ்வளவு சுவாரஸ்யமாக இருந்தாலும், கண் அவர் இடுப்பில் இருக்கவேண்டும். இடுப்பு போகிற திசையில்தான் உடல் போகும்.

பாறை நிமிர்ந்திருந்தால் இடுப்புக்குச் சற்று மேலே, விலாவின் இரு பக்கமும் கை வையுங்கள். வெளியே தொங்கும் பாறையில் அவர் கிட்டத்தட்ட மல்லாந்த நிலையில் இருப்பார், முதலில் வருவது முதுகும் தலையும்தான். அங்கே தோள்பட்டை எலும்புக்கு அருகே, அக்குளை ஒட்டிக் கை போகவேண்டும். குதிகாலைப் பிடியில் மாட்டி ஏறும் ஹீல் ஹூக்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. கை விடுபட்டுக் குதிகால் மட்டும் மாட்டிக்கொண்டால் தலை கீழாக வரும். அந்த நகர்வு தொடங்கும் முன்பே ஸ்பாட்டர் தோள்பக்கம் மாறியிருக்கவேண்டும். சாதாரண ஸ்லாபிலோ தாழ்வான ஏற்றத்திலோ அவ்வளவு நெருங்கி நிற்கத் தேவையில்லை. அவர் வந்து விழும் இடத்தில் உங்கள் கால் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். மிக உயரமான பாறையில் ஸ்பாட்டிங்குக்குப் பயன் குறையும், கீழே நிற்பவருக்குத்தான் ஆபத்து. அங்கே விலகி நின்று பேடுகளைச் சரியான இடத்தில் வைப்பதே நண்பர் செய்யக்கூடியது. உங்கள் முதல் சில வெளிப்புற நாள்களில் அந்த உயரத்துக்குப் போகவே வேண்டாம்.

ஏறுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். “மூணாவது மூவ்ல இடது பக்கம் வீசும்னு நினைக்கிறேன், தலையைப் பாத்துக்கோ.” “சரி, பாக்கிறேன்.” இந்தப் ‘பாக்கிறேன்’ வராமல் முதல் பிடியைத் தொடக்கூடாது. சொன்ன பிறகு அவர் பாதுகாப்பாக உச்சியில் நிற்கும்வரை அல்லது பேடில் நிற்கும்வரை கண்ணை எடுக்கக்கூடாது.

நான் ஒருமுறை எடுத்தேன். என் நண்பன் ஐந்தாம் முயற்சியில் இருந்தான். அதுவரை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அழகாக விழுந்து எழுந்தவன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. இரண்டு நொடி குனிந்து பார்த்தேன். அந்த முறை கை விடுபடவில்லை, கால் நழுவியது. உடல் எதிர்ப்பக்கம் திரும்பி, பேடின் விளிம்பில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக வந்து விழுந்தான். கணுக்கால் வீங்கிப்போய் வாரக்கணக்கில் நொண்டினான். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதன்பிறகு ஸ்பாட் செய்யும்போது போனை என் உடம்பில் வைத்துக்கொள்வதில்லை. பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுகிறேன்.

விழப் பழகுவது

ஏறுகிறவரும் விழக் கற்றிருக்கவேண்டும். பேட் தருவது 10 சென்டிமீட்டர் இடைவெளி. மடங்கும் கால்கள் தருவது அரை மீட்டருக்கும் மேல். உடல் நின்றுபோகக் கிடைக்கும் தூரம் எவ்வளவு கூடுகிறதோ அந்த அளவுக்கு அடியின் விசை குறையும். ஆகவே கால்களைத் தோளகலத்துக்கு விரித்து, முழங்காலைத் தளர்த்தி, இரு பாதமும் ஒன்றாகப் படும்படி இறங்குங்கள். பட்டதும் அப்படியே குந்தி, பின்பக்கமாக உருண்டு முதுகில் சாயுங்கள். கைகளை மார்போடு கட்டிக்கொள்ளுங்கள், தாடை நெஞ்சைத் தொடட்டும். விழும்போது பின்னால் கையூன்றுவது எல்லோருக்கும் இயல்பாக வரும் செயல். மணிக்கட்டும் முழங்கையும் முறிவதும் அதனால்தான். இதை எளிய ப்ராப்ளத்தில் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து வேண்டுமென்றே பத்து முறை விழுந்து பழகுங்கள். நண்பருக்கும் அது ஸ்பாட்டிங் பயிற்சி.

முடியாது என்று தோன்றினால் விழுவதற்குப் பதிலாக வந்த வழியே இறங்கலாம். நானும் நண்பனும் அன்றைய முதல் எளிய ப்ராப்ளங்கள் எல்லாவற்றையும் ஏறி இறங்கியே முடிப்போம். கடினமானதில் மாட்டிக்கொள்ளும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

ஒரு ப்ராப்ளத்தை இருவராகத் தீர்ப்பது

இப்போதுதான் அன்றைய நாளின் சுவையான பகுதி வருகிறது. பாறைக்கு ஐந்தாறு அடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள். தொடக்கம் எங்கே? உட்கார்ந்தபடி தொடங்குவதா, நின்றபடியா? எந்தப் பிடியை மேலிருந்து இழுக்கலாம், எதைப் பக்கவாட்டில் இழுக்கவேண்டும், எதைக் கீழிருந்து தூக்கிப் பிடிக்கவேண்டும்? கையைவிட முதலில் காலுக்கு இடம் தேடுங்கள். வெளிப்பாறையில் கால் பிடிகள் ஒளிந்திருக்கும். சாக் வெள்ளை கைப்பிடிகளைக் காட்டிக்கொடுத்துவிடும், கால் பிடிகளை யாரும் காட்டமாட்டார்கள். தென்படாத பிடியின் அருகே சாக்கால் சிறு கோடு போட்டுக்கொள்ளலாம். மாலையில் அதை அழிக்கவேண்டும் என்பதை இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறும் வழிமுறை பற்றிய தகவலுக்கு ஏறுகிறவர்கள் ‘பீட்டா’ என்று சொல்வார்கள். பழைய பீட்டாமேக்ஸ் வீடியோ நாடாவிலிருந்து வந்த பெயர். நண்பருக்கு பீட்டா சொல்லுமுன் கேட்டுவிடுங்கள். சிலருக்குத் தானாகக் கண்டுபிடிப்பதில்தான் முழு ஆனந்தமும் இருக்கிறது. முன்தகவல் எதுவும் இல்லாமல் முதல் முயற்சியிலேயே ஏறினால் ‘ஆன்சைட்’, தகவலோடு முதல் முயற்சியில் ஏறினால் ‘ஃப்ளாஷ்’. அந்த ஒரே வாய்ப்பை நம் வாய்த்துடுக்கு கெடுத்துவிடக் கூடாது.

பீட்டா சொல்லும்போதும் அது உங்கள் உடம்புக்கான பீட்டா என்பதை மறக்காதீர்கள். உயரமானவர் எட்டிப் பிடிக்கும் இடத்தைக் குட்டையானவர் காலை உயர்த்தி வைத்துச் சமாளிப்பார். நீண்ட கையுள்ளவர் தொங்கும் பாறையில் சிரமப்படும் இடத்தில் சிறிய உடல் சுருண்டு போய்விடும். என் நண்பன் என்னைவிட அரை அடி உயரம். ஒரே ப்ராப்ளத்துக்கு எங்களிடம் எப்போதும் இரண்டு வழிகள் இருக்கும். அவன் வழியில் பத்து முறை தோற்ற பிறகுதான் எனக்கு என் வழி தெரியவரும்.

கடினமான முயற்சிகளுக்கு நடுவே மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். குறுகிய, முழுபலமான வேலைக்குத் தசை செலவழிக்கும் சேமிப்பு திரும்ப நிரம்ப அவ்வளவு நேரம் வேண்டும். உடனே உடனே ஏறினால் ஒவ்வொரு முயற்சியும் முந்தையதைவிட மோசமாகும், தோலும் வீணாகும். இருவர் மாறி மாறி ஏறினால் இந்த ஓய்வு தானாகவே அமைந்துவிடும். அவர் ஏறும்போது நீங்கள் ஸ்பாட், நீங்கள் ஏறும்போது அவர் ஸ்பாட், நடுவில் பிடி துலக்கல், ஷூ துடைத்தல். ஷூவின் அடியில் ஒட்டிய மண்தூள் ஒன்று போதும், சிறிய முண்டில் கால் நிற்காது. பேடில் ஏறும் முன் துண்டுக் கம்பளத்தில் துடைத்துவிட்டு, கால் தரையில் படாமல் பாறைக்கு மாறுங்கள்.

ஒரே இடத்தில் நான்கைந்து முறை விழுந்தால் ஏதாவது ஒன்றை மாற்றுங்கள். அதே வழியில் இன்னும் பலமாக இழுப்பது எப்போதாவதுதான் பலன் தரும். காலை இரண்டு விரற்கடை உயர்த்தி வையுங்கள், இடுப்பைப் பாறையை ஒட்டித் திருப்புங்கள், பயன்படாத காலை எதிர்ப்பக்கம் நீட்டிச் சமநிலை தேடுங்கள். முடிந்தால் உச்சியிலிருந்து கடைசி நகர்வை மட்டும் தனியாகச் செய்து பாருங்கள். ஒவ்வொரு துண்டாகத் தீர்த்து, பிறகு கோத்து ஏறுங்கள்.

உச்சியில் ஏறி நிற்பது

உள்ளரங்கில் பழகியவர்கள் திகைக்கும் இடம் இதுதான். கை உச்சி விளிம்பைப் பிடித்துவிட்டது, மேலே பிடிக்க ஒன்றுமே இல்லை, வெறும் வட்டமான பாறை. இதற்கு மேன்டல் என்று பெயர். நீச்சல்குளத்தின் கரையில் கையூன்றி எழுவதை நினைத்துக்கொள்ளுங்கள். காலை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி விளிம்பில் வையுங்கள், ஒரு உள்ளங்கையைத் திருப்பிக் கீழ்நோக்கி அழுத்துங்கள், நெஞ்சை முன்னே கொண்டுபோய் எடையைப் பாறையின்மேல் சாயுங்கள். பயத்தில் உடலைப் பின்னால் இழுப்பவர்கள்தான் இங்கே விழுகிறார்கள். நிமிர்ந்து நின்று இரண்டடி உள்ளே போகும்வரை நண்பர் கீழே கைகளை இறக்கக்கூடாது. வயிற்றால் தேய்த்துக்கொண்டு ஏறினாலும் ஏறியதுதான்.

எப்போது நிறுத்துவது

விரல் நுனி இளஞ்சிவப்பாகிக் கண்ணாடிபோலப் பளபளத்தால் தோல் முடியப்போகிறது என்று அர்த்தம். தடித்த தோல் மடிப்பு பிடியில் மாட்டிக் கிழியுமுன் உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்யுங்கள். கிழிந்தால் கழுவி, டேப் சுற்றி, அன்றைய நாளை எளிய ப்ராப்ளங்களோடு முடித்துக்கொள்ளுங்கள்.

தோலைவிட முக்கியமானது விரலின் உள்ளே இருப்பது. தசைநாணை எலும்போடு அணைத்துப் பிடிக்கும் பட்டைகளில், விரலின் அடிப்பகுதியில் உள்ள ஏ2 புல்லிதான் ஏறுகிறவர்களுக்கு அதிகம் அறுபடுவது. சிறிய விளிம்புகளில் விரலை மடக்கி, அதன்மேல் கட்டைவிரலைப் பூட்டிப் பிடிக்கும் முழுக் கிரிம்ப் அதன்மேல் பெரும் பாரத்தை ஏற்றுகிறது. தசை சில வாரங்களில் வலுவாகும், இந்தப் பட்டைகளுக்கு மாதங்கள், ஆண்டுகள் ஆகும். அதனால் புதியவர்கள் முடிந்தவரை விரலைத் திறந்தபடி பிடிப்பது நல்லது. விரலில் ‘டப்’ என்று சத்தம் கேட்டாலோ, திடீரென்று கூர்மையான வலி வந்தாலோ அந்த நொடியே கீழே இறங்குங்கள். இன்னும் ஒரே ஒரு முயற்சி என்று அதன்பின் நினைக்கவே வேண்டாம்.

அந்தக் ‘கடைசி ஒரு முயற்சி’யை நண்பர்தான் தடுக்கவேண்டும். களைப்பில் இருப்பவருக்குத் தன் களைப்பு தெரியாது. கால் வைப்பு தடுமாறத் தொடங்கியது, ஓய்வு நேரம் குறைந்துகொண்டே வருகிறது, கோபத்தோடு பாறைக்குப் போகிறார் என்றால், “இன்னிக்குப் போதும்டா” என்று சொல்ல நீங்கள் தயங்கக்கூடாது. அவர் சொல்லும்போது நீங்கள் வாதாடவும் கூடாது. இதைக் காலையிலேயே ஒப்பந்தமாகப் பேசிவைத்துக்கொள்வது நல்லது.

அடிபட்டால்: கணுக்கால் வீங்கினால் ஷூவைக் கழற்றி, காலை உயர்த்தி வைத்து, அழுத்தமான கட்டுப்போட்டு, எடை வைக்காமல் அழைத்துச் செல்லுங்கள். கழுத்திலோ முதுகிலோ வலி, கைகாலில் மரமரப்பு, நினைவு தவறுதல் இவற்றில் எது இருந்தாலும் அவரை அசைக்காதீர்கள். தலையை அப்படியே நிலையாகப் பிடித்துக்கொண்டு அவசர உதவிக்கு அழையுங்கள். பாறையடியில் போன் சிக்னல் இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே போனால் கிடைக்கும் என்பதைக் காலையில் வரும்போதே பார்த்துவைத்திருக்கவேண்டும்.

கிளம்பும் முன்

வெளிச்சம் இருக்கும்போதே மூட்டை கட்டத் தொடங்குங்கள். சாக் கோடுகளை அழித்து, நீங்கள் தொட்ட பிடிகளையெல்லாம் ஒருமுறை துலக்குங்கள். டேப் துண்டுகள் மண்ணின் நிறத்திலேயே இருக்கும், குனிந்து தேடினால்தான் கிடைக்கும். வேறு யாரோ போட்ட குப்பையானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பாசியையும் கற்பாசியையும் ஏறுவதற்காகச் சுரண்டாதீர்கள். பழைய ஓவியமோ எழுத்தோ உள்ள பாறையில் கைவைக்கவே கூடாது. மேலே சொன்ன ஹூவேகோ டாங்க்ஸில் பழங்குடி மக்களின் பாறை ஓவியங்களைக் காக்கத்தான் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். பல இடங்களில் ஏறுகிறவர்களின் அலட்சியத்தால் அனுமதி மொத்தமாகப் போயிருக்கிறது.

வழியிலேயே பேசிக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த ப்ராப்ளம், எந்த நகர்வு வரை போனது, கால் எங்கே, பேட் எந்தப் பக்கம், வெயில் எத்தனை மணிக்கு அந்த முகத்தில் விழுந்தது. பேட் போட்ட இடத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை அரை மணி நேரம் மிச்சம். வீட்டுக்கு வந்ததும் கையில் ஒட்டியிருக்கும் சாக்கை நன்றாகக் கழுவிவிட்டு, உலர்ந்த தோலுக்குக் களிம்பு போடுங்கள். மறுநாள் காலை எழுந்ததும் ஒவ்வொரு விரலையும் மடக்கி, அடிப்பகுதியை அழுத்திப் பாருங்கள். எந்த விரலாவது வலித்தால் அது ஆறும்வரை காத்திருங்கள். நண்பரிடமும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, இருவர் விரலும் சரியென்ற பிறகு அடுத்த பயணத்துக்கு நாள் குறியுங்கள்.